முதல் வாசகம்

மினாஸில் இது ஜனவரி. மழை விட்டு மூன்று நாள்.
கோயில் சுவரில் இடுப்பளவுக்கு இன்னும் அந்தக் கோடு,
துருவின் நிறத்தில்.
கம்பெனி செலவில் வெள்ளையடிக்க வந்தவர்களைத்
திருப்பி அனுப்பினோம்.

இந்த ஞாயிறு முதல் வாசகம் என் முறை.
ஃபாதர் ஜெனிவால் நேற்றே தாளைக் கொடுத்தார்:
எல்லாம் இழந்த ஒரு நல்லவனுக்கு
எல்லாம் திரும்பி வந்த கதை, கடைசிப் பகுதி.
"வேண்டுமானால் வேறு யாராவது..." என்று இழுத்தார்.
பதினோரு வருஷமாய் வாசிக்கிறேன், ஃபாதர், என்றேன்.

ஆடு, ஒட்டகம், உழவு மாடு, கழுதை.
எல்லாம் முன்பிருந்ததைப் போல் இரண்டு மடங்கு.
எனக்கு இந்தக் கணக்கு பழக்கம்தான்.
கம்பெனி வக்கீல் என் சமையல் மேசையில் விரித்த பட்டியலும்
இப்படித்தான் கீழே இறங்கியது:
கறவை மாடு ஒன்றுக்கு இவ்வளவு,
காய்க்கிற ஜபுத்திகாபா மரத்துக்கு இவ்வளவு,
ஃபிரிட்ஜ், ஐந்து வருடம் தாண்டியிருந்தால் பாதி,
மகன், மணமாகாதவன்.
அந்த வரியில் பேனாவை நிறுத்திவிட்டு
காபி நன்றாயிருக்கிறது என்றார்.

வால்தேசியை எனக்கு மூன்று முறை கொடுத்தார்கள்.
பிப்ரவரியில். பிறகு ஜூனில்.
பிறகு, நான் வழி பார்ப்பதை விட்ட மறுவருஷம், அக்டோபரில்
ரொட்டி டப்பா அளவில் ஒரு பெட்டி, மேலே ஒரு எண்.
ஒரே குழியை மூன்று முறை வெட்டினார் ஒனோஃப்ரே.
மூன்றாம் முறை கூலி வாங்கவில்லை.
கையெழுத்து வாங்க வந்த தீயணைப்புப் படைப் பெண்
அழுதுவிட்டாள்.
நான்தான் தண்ணீர் கொடுத்தேன்.

அணை உறுதியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டவரும்
கிறிஸ்தவர்தான்.
தலைநகரில் அவருக்கும் ஒரு கோயில் உண்டு,
வரிசையில் நிற்பார், வாய் திறப்பார்,
அதே அப்பம்.
வழக்கு ஏழாவது தடவை தள்ளிப்போயிருக்கிறது.
நல்லவன் மேலும் பொல்லாதவன் மேலும் ஒரே மழை என்பதைச்
சின்ன வயதில் ஆறுதலாய்க் கேட்டேன்.
பெய்தபின் அது எங்கே வடியும் என்று
ஒருவரும் சொல்லித் தரவில்லை.

எழுந்து போனேன். மைக் கரகரத்தது.
ஆடு. ஒட்டகம். மாடு. கழுதை.
அடுத்த வரியில் பிள்ளைகள் காத்திருந்தார்கள்,
மிருகங்களைப் போல் இரட்டிக்காமல்
பழைய எண்ணிக்கையிலேயே.
ஏன் என்று மறைக்கல்வி வகுப்பில் ஒருமுறை கேட்டிருக்கிறேன்.
செத்த பிள்ளைகளும் கடவுளின் கணக்கில் இருக்கிறார்கள், அதனால்,
என்றார் அந்த சிஸ்டர்.
அழகான பதில்.
அப்போது எனக்குப் பிள்ளை இல்லை.

கழுதையோடு நிறுத்தினேன்.
தாளை மடித்தேன்.
இது ஆண்டவர் வழங்கும் அருள்வாக்கு, என்றேன்.

இறைவா உமக்கு நன்றி என்று
யாரும் சொல்லவில்லை.

வெளியே யாரோ பைக்கை உதைத்தார்கள், அது கிளம்பவில்லை.
முன் வரிசையில் ஐராசி விசிறுவதை நிறுத்தினாள்.
அவளுக்கு இன்னும் ஒரு பெட்டிகூட வரவில்லை.
ஃபாதர் தரையைப் பார்த்தார்.
எதையாவது சொல்லி அந்த இடைவெளியை அடைத்திருக்கலாம்,
அடைக்கவில்லை.
அதற்காக அவர் கையை முத்தமிடுவேன்.

பிறகு எல்லாரும் நின்றோம், விசுவாச அறிக்கைக்கு.
விண்ணையும் மண்ணையும் படைத்தவர் என்ற இடத்தில்
உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.
மண், அந்தச் சொல்.
பிலாத்துவின் அதிகாரத்தில் பாடுபட்டு என்பதைத்
தெளிவாகச் சொன்னேன்.
ஓர் அதிகாரியின் பெயர் உள்ளே இருப்பது நல்லது.
கை கழுவினாலும் பெயர் போகவில்லை,
ஞாயிறுதோறும் கூப்பிடுகிறார்கள்.

உடலின் உயிர்ப்பை, என்று வந்தபோது
என் குரல் மற்றவர்களை விட்டு முன்னே போய்விட்டது.
அது செபமா, தெரியாது.
கடையில் ரசீதை நீட்டுகிற குரல்.

மூன்று பெட்டி, ஆண்டவரே.
எண்கள் என்னிடம் பத்திரமாய் இருக்கின்றன.
இடது கை
இன்னும் வரவில்லை.